ஞாயிற்றுக்கிழமைகள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

போன வாரம் போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். "உன் பணி ஓய்வு விழாவில் எல்லாரும் என்னென்னவோ சொன்னார்கள், எனக்கு ஒன்றுமே புரியவில்லை அம்மா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நீ கிளம்பிப் போய்விடுவாய், அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அங்கே போய் என்னதான் செய்தாய்?" என்றாய். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். நீ சாதாரணமாகக் கேட்டாய். அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

லேபில் வளரும் செல்களுக்கு மீடியம், அதாவது அவை மூழ்கியிருக்கும் சத்துநீர், மாற்றப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வேலை அவ்வளவுதான்.

பிரசவ வார்டிலிருந்து தகவல் வரும், கொடி இருக்கிறது என்று. தாயிடம் சம்மதம் வாங்கி, தூக்கிப் போடப்போகும் தொப்புள்கொடியை உப்புக் கரைசலில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு சாண் நீளம் இருக்கும். உள்ளே மூன்று குழாய்கள்: தமனி இரண்டு, சிரை ஒன்று. தமனிகள் சுருங்கிக் கெட்டியாகியிருக்கும். சிரை மட்டும் தொளதொளவென்று வாய் திறந்திருக்கும். அதில் ஊசியைச் செருகி, நூலால் கட்டி, உள்ளே உறைந்த ரத்தம் போகும்வரை கழுவ வேண்டும். பிறகு கொலாஜினேஸ் என்ற நொதியை நிரப்பி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு, 37 டிகிரி சூட்டில் சில நிமிஷங்கள் வைக்க வேண்டும். நேரம் கூடினால் வேண்டாத செல்களும் சேர்ந்து வரும், குறைந்தால் ஒன்றும் வராது. கொடியை விரலால் மெல்ல நீவிவிட்டு உள்ளே இருப்பதை வடித்தால், குழாயின் உட்சுவரை ஒற்றை அடுக்காக மூடியிருந்த செல்கள் அதில் மிதக்கும். எண்டோதீலியம் என்று நான் ஆயுசு முழுக்க உச்சரித்த சொல் அதுதான். 1973ல் எரிக் ஜாஃபியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முறை இது. உலகம் முழுக்க எத்தனையோ லேப்களில் இன்றும் இப்படித்தான் எடுக்கிறார்கள்.

மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முதலில் சிவப்பணுக் கூட்டம்தான் தெரியும். அதைக் கழுவிவிட்டுப் பார், அடியில் அங்கங்கே திட்டுத்திட்டாகச் சில செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாலைந்து நாளில் அவை பரவி, ஒன்றையொன்று தொட்டு, தரையில் கல் பாவியதுபோல் தட்டை நிறைத்துவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மீடியம் மாற்றாவிட்டால் வாடிப்போகும். வெள்ளிக்கிழமை மாற்றினால் அடுத்தது ஞாயிறு. சில முறை பிரித்துப் பிரித்து வளர்த்ததும் அவற்றுக்கு வயதாகி, குணம் மாறிவிடும். மறுபடி புதுக் கொடிக்குக் காத்திருக்க வேண்டும்.

இந்தச் செல்லிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பாய். தாத்தா நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்துக்கொள்வாரே, நினைவிருக்கிறதா? நைட்ரோகிளிசரின். நூறு வருஷத்துக்கு மேலாக டாக்டர்கள் அதைக் கொடுத்து வந்தார்கள், குழாயை அது எப்படித் தளர்த்துகிறது என்று தெரியாமலே. 1980ல் ராபர்ட் ஃபர்ச்காட்டும் ஜான் ஜவாட்ஸ்கியும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முயலின் பெருந்தமனித் துண்டில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டால் அது தளர வேண்டும். ஆனால் பல தடவை சுருங்கியது. காரணம், துண்டு போடும்போது உட்புறம் எங்காவது உரசி, அந்த ஒற்றை அடுக்குச் செல் உரிந்துபோயிருந்தது. அடுக்கு இருந்தால் குழாய் தளர்கிறது, இல்லாவிட்டால் தளர்வதில்லை. அப்படியானால் அந்தச் செல்தான் "தளர்ந்துகொள்" என்று ஏதோ ஒரு பொருளை அனுப்பிச் சொல்கிறது. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னால் தெரிந்தது. 1998ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு. தாத்தாவின் மாத்திரை உடம்புக்குள் போய்க் கொடுப்பதும் அதே வாயுவைத்தான். அந்த 1980 கட்டுரையை மாணவியாக இருந்தபோது படித்தேன். வெறும் உறை என்று பலரும் ஒதுக்கிய ஒன்று பேசுகிறது என்று தெரிந்த பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. தமனிக்குள் கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிவதில்லை. நேராக ஓடும் இடங்கள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். கிளை பிரியும் இடத்திலும் வளைவிலும்தான் படியும். அங்கே ரத்தம் ஆற்றுச் சுழல்போல் திரும்பித் திரும்பி ஓடுகிறது. ஓட்டத்தின் வித்தியாசம் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? அதற்குக் கண்ணா, காதா?

கண்ணாடித் தகட்டில் செல்லை வளர்த்து, அதன் மேல் பம்ப் வைத்து மீடியத்தை ஒரு நாள் முழுக்க ஓட விடுவோம். முதல் தடவை அது சரியாக அமைந்த இரவை மறக்கவே முடியாது. சாயங்காலம் கல் பாவியது போலிருந்த செல்கள் மறுநாள் காலையில் மெலிந்து நீண்டு, கட்டிவைத்த படகுகள்போல் எல்லாம் ஓட்டத்தின் திசையிலேயே படுத்திருந்தன. சுழல் உண்டாக்கிய தகட்டில் அவை திசை தெரியாமல் கலைந்து கிடந்தன. யாரும் அவற்றுக்குச் சொல்லித் தரவில்லை. மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே மனசில்லை, கண்ணே. பலர் முன்பே பார்த்ததுதான், ஆனால் என் கையால் வளர்த்த செல்லில் பார்த்தேன்.

அந்த பம்ப்தான் என்னைப் படுத்தியது. ஓட்டம் நிற்கக் கூடாது. ஒரு காற்றுக்குமிழி உள்ளே போனால் செல்லையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். குழாய் கழன்றால் மூன்று வார வேலை போச்சு.

உன்னை ஏழு மாதம் சுமந்தபோது ஒரு நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. குழந்தை பிறந்த பிறகும் ராத்திரி வேலைக்கு வருவீர்களா என்று கேட்டார்கள். வருவேன் என்றேன். என்னைவிடக் குறைவாக வேலை செய்திருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். நாலு வருஷம் ஒப்பந்தத்திலேயே ஓடியது. உன் அப்பாவுக்குத் தெரியும், உனக்கு நான் சொன்னதில்லை.

அப்போது ஃப்ளோரன்ஸ் சேபின் என்ற பெண்மணியைப் பற்றிப் படித்தேன். திசுக்களில் கசியும் நீரை வடித்துச் செல்லும் நிணநீர்க் குழாய்கள் சிரைகளிலிருந்துதான் முளைக்கின்றன என்று 1902ல் பன்றிக் கருக்களைக் கொண்டு எழுதியவர். பின்னாளில் கோழிக் கருவை உயிரோடு வைத்துக்கொண்டு, ரத்தக்குழாய் உண்டாவதை இரவெல்லாம் விழித்துப் பார்த்தவர். 1917ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உடற்கூறியல் துறைத் தலைவர் பதவி காலியானபோது, அவரிடம் படித்த மாணவருக்கு அது போயிற்று. சேபின் வேலையை விடவில்லை. 1925ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தில் முதல் பெண் உறுப்பினரானார். நிணநீர்க் குழாய் பற்றி அவர் சொன்னதை வெகுகாலம் எதிர்த்தார்கள். 2006ல் வரிக்குதிரை மீனின் குஞ்சில், உயிரோடு, கண்ணெதிரே அது நடப்பதைக் கரினா யானிவும் கூட்டாளிகளும் காட்டினார்கள். சேபின் 1953லேயே போய்விட்டார். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று என் மேஜையில் அழுதேன்.

நான் தேடிய கேள்விக்கும் விடை வேறொரு லேபிலிருந்துதான் வந்தது. 2005ல் எலெனி ட்சிமாவும் குழுவினரும், செல்லும் செல்லும் ஒட்டும் இடத்தில் மூன்று புரதங்கள் சேர்ந்து ஓட்டத்தை உணர்கின்றன என்று காட்டினார்கள். நாங்கள் அந்த மூன்றில் ஒன்றைத்தான் பிடித்திருந்தோம். முதல் வாசிப்பில் வயிறு எரிந்தது. மூன்றாவது வாசிப்பில், விடை இவ்வளவு அழகா என்று தோன்றியது. எங்கள் அடுத்த பத்து வருஷ வேலை முழுக்க அதன் மேல் கட்டியதுதான்.

இன்னொன்று. நீ பிறந்தபோது என் கூட வேலை செய்தவள் டப்பாவோடு வாசலில் நின்றாள், கொடியைத் தருகிறாயா என்று. நான் முடியாது என்றேன். முகம் தெரியாத எத்தனையோ தாய்மார்கள் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள், எனக்கு மட்டும் மனம் வரவில்லை. அதற்குப் பிறகு வார்டுக்குப் போய்ச் சம்மதம் கேட்கும்போதெல்லாம் அவசரப்படாமல் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டேன்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் இத்தனை நீளம். உனக்கு ஒன்பது வயதில் பள்ளி நாடகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முழுக்கப் பார்த்தேன், ரொம்ப நன்றாகச் செய்தாய் என்று சொன்னேன். பார்க்கவில்லையம்மா. பம்ப் குழாய் கழன்றுவிட்டது. ஓடி வந்து சேர்ந்தபோது நீங்கள் எல்லாரும் கை கோத்து வணங்கிக்கொண்டிருந்தீர்கள். கூட்டத்தில் நீ என்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தாய், அந்தச் சிரிப்புக்கு எதிரே என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். போன் செய். அந்த நாடகத்தில் நீ என்ன வேஷம் போட்டாய், முதலில் வந்து என்ன பேசினாய், எல்லாம் சொல்லு.

அம்மா