பேசும் பறவை என்று விற்கப்பட்ட லவ்பேர்ட் குஞ்சு: புகார் கடிதம்

அனுப்புநர்
(பெயரும் கைபேசி எண்ணும் பில்லில் உள்ளபடி)
பெரம்பூர், சென்னை – 600 011

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
செல்லப்பிராணி விற்பனை நிறுவனம், சென்னை

பொருள்: தவறான உறுதி சொல்லிப் பறவை விற்றது, பச்சைக்கிளி தருவதாகச் சொன்னது தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

அம்மா காலமான பிறகு பகல் முழுக்க அப்பா வீட்டில் தனியாக இருக்கிறார். அவருக்குத் துணையாக ஒரு பறவை வாங்கத்தான் உங்கள் கடைக்கு வந்தேன். இதற்கு முன் பறவை வளர்த்ததில்லை, வயதானவர்தான் பார்த்துக்கொள்வார், இரண்டு வார்த்தை பேசினால்கூடப் போதும் என்று விற்பனையாளரிடம் விவரமாகச் சொன்னேன். அவர் ‘பேசும் பறவைகள்’ என்று பலகை மாட்டிய கூண்டிலிருந்து, இறகுகூட முழுசாக முளைக்காத ஆப்பிரிக்க லவ்பேர்ட் குஞ்சு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “கையால ஊட்டி வளர்த்தாதான்மா ஒட்டும். ஆறே மாசத்துல தாத்தான்னு கூப்பிடும், பாருங்க” என்றார்.

லவ்பேர்ட் பேசுவது மிக அரிது. அது கீச்சிடும், கொஞ்சும், துறுதுறுவென்று இருக்கும். அழகான பறவைதான், ஆனால் பேச்சுக்காக யாரும் அதை வாங்கமாட்டார்கள். பறவை விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

அதைவிடப் பெரிய கொடுமை, தானாகத் தின்னத் தெரியாத குஞ்சை எங்கள் கையில் கொடுத்ததுதான். கூடவே ஒரு மாவுப் பொட்டலமும் சிரிஞ்சும் தந்து, “தண்ணில கரைச்சு ஊட்டுங்க” என்று சொன்னதோடு சரி. எவ்வளவு சூட்டில், எவ்வளவு இடைவெளியில் என்று ஒரு வார்த்தை இல்லை. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை வீங்கி, உணவு இறங்காமல் புளித்த வாடை அடித்தது. அப்பா பதறிப்போய் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கரைசல் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஆறிப்போனால் உள்ளேயே தங்கிப் புளிக்கும், சூடு மிஞ்சினால் தீனிப்பை வெந்துவிடும், மூச்சுக்குழாயில் போனால் உயிரே போய்விடும் என்றெல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டோம். கையால் ஊட்டினால்தான் பழகும் என்பதும் உண்மையில்லை. தானாகத் தின்னப் பழகிய இளம் பறவையும் பொறுமையாகத் தினை கொடுத்துப் பழக்கினால் கைக்கு வரும்.

நான் கேட்டதற்கு நேர்மையான பதில் இருந்தது. தானாகத் தின்னும் இளம் ஆண் பட்ஜியை, அதாவது பட்ஜெரிகர் என்ற சின்ன ஆஸ்திரேலியக் கிளியைக் காட்டியிருக்கலாம். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் மூக்கின் மேல் தசை நீலமாக இருக்கும், பெண்ணுக்குப் பழுப்பாக இருக்கும், பேசுவது பெரும்பாலும் ஆண்தான். பக் என்ற பட்ஜி 1,728 சொற்கள் அறிந்திருந்ததாகக் கின்னஸ் பதிவே இருக்கிறது. காக்கட்டீல் என்ற கொண்டையுள்ள சின்னக் கிளியும் சாதுவானது, ஆனால் பேச்சைவிட விசில்தான் அதற்கு நன்றாக வரும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அருமையாகப் பேசும், ஆனால் நாற்பது ஐம்பது வருடம் வாழக்கூடியது. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும். அப்பாவின் வயதுக்கு அது நியாயமில்லை. எந்தப் பறவையானாலும், தினமும் கூடவே உட்கார்ந்து பேசினால்தான் பேசும், சில கடைசிவரை பேசாது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் அப்பா சந்தோஷமாக ஒரு பட்ஜியோடு வீடு திரும்பியிருப்பார்.

இதையெல்லாம் கேட்கக் கடைக்குப் போன் செய்தபோது கிடைத்த பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. “மேல கொஞ்சம் போட்டுக் குடுங்க மேடம், பச்சைக்கிளி குஞ்சு தரோம். அதான் நல்லா பேசும். வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடுவோம்” என்றார்கள். பச்சைக்கிளி, மலை மைனா இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. விற்பதும் குற்றம், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மரப்பொந்திலிருந்து பிடுங்கிவந்த குஞ்சைக் கொடுத்து, என் அப்பாவை வனத்துறை விசாரணைக்கு ஆளாக்கப் பார்த்தீர்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் கூட்டமாகப் பறக்கும் கிளிகளை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது அவருக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? அந்தக் கிளியையே கூண்டில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னதைக் கேட்டு அவர் மனம் உடைந்துபோனார்.

குஞ்சு பிழைத்துக்கொண்டது. இப்போது தானாகவே தினை கொத்துகிறது. மாற்றிக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அப்பா அதை யாருக்கும் தரமாட்டார். பறவையின் விலையையும் மருத்துவச் செலவையும் பதினைந்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். லவ்பேர்ட் கூண்டிலிருந்து அந்தப் பலகையை எடுக்க வேண்டும். தானாகத் தின்னாத குஞ்சுகளைப் புதியவர்களுக்கு விற்பதை எல்லாக் கிளைகளிலும் நிறுத்த வேண்டும். கடைக்காக வைத்திருக்கும் விலங்கு நல வாரியப் பதிவுச் சான்றின் நகலையும் அனுப்புங்கள்.

பில், மருத்துவமனைச் சீட்டு, பலகையின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பணம் குறித்துப் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன். பச்சைக்கிளி விஷயத்தில் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அந்தத் தொலைபேசிப் பேச்சின் விவரத்தை எழுதி, கிண்டியிலுள்ள வனத்துறைக்கு இன்றே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்