கிரீஷின் கதையைச் சொல்லும்போது பினோதினியின் பெயரையும் சொல்லுங்கள்

ஆன்மிகச் சொற்பொழிவாளர்களுக்கு வணக்கம்.

கிரீஷ் சந்திர கோஷின் கதையை நீங்கள் அலுக்காமல் சொல்கிறீர்கள், நாங்களும் அலுக்காமல் கேட்கிறோம். கல்கத்தாவில் நாடகம் எழுதி, நடித்து, குடித்துத் திரிந்த மனிதர் ராமகிருஷ்ண பரமஹம்சரிடம் வந்து, தன் பாரத்தையெல்லாம் அவர்மேல் போட்டு வக்காலத்துக் கொடுத்துவிடுகிறார். அந்த இடம் வந்ததும் சபையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை, அதே கதையில் இரண்டு நிமிடம் வந்துபோகும் பெண்ணைப் பற்றியது. கிரீஷுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, நாடகப் பட்டியலே உண்டு. அந்தப் பெண் மட்டும் ‘ஒரு நடிகை’, இன்னும் கொஞ்சம் போனால் ‘ஒரு தாசி’. கிரீஷ் ‘அவர்’, அவள் ‘அவள்’. பரமஹம்சர் தலையில் கைவைத்தார், பாவம் கரைந்தது, அன்றோடு மேடையை விட்டாள், சுபம். இந்த ‘அன்றோடு’ எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நடந்தது வேறு.

அவர் பெயர் பினோதினி தாசி. 1863 வாக்கில் கல்கத்தாவில், கணிகையர் குடும்பத்தில் பிறந்தவர். 1874இல், பதினோரு பன்னிரண்டு வயதில், திரௌபதியின் தோழியாகச் சின்ன வேஷத்தில் மேடையேறினார். வங்காளத்துப் பொது மேடையில் பெண்கள் நடிக்கத் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அது பிடிக்காமல், விதவை மறுமணத்துக்காகப் போராடிய வித்யாசாகர் போன்ற பெரியவரே அரங்கத்தின் தொடர்பை அறுத்துக்கொண்டார். நடிக்க வந்த பெண்கள் எல்லாருமே குடும்பப் பெண்கள் என்று ஊர் ஒப்புக்கொள்ளாத இடத்திலிருந்து வந்தவர்கள். ஊர் டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர்களைப் பார்க்கவும் செய்தது.

1883இல் பீடன் தெருவில் எழுந்த ஸ்டார் தியேட்டர் அவரால் வந்தது. குர்முக் ராய் என்ற பணக்கார இளைஞர் பினோதினியை விரும்பினார். நாடகத்தை விட்டுவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். பினோதினி மறுத்தார்; பணம் வேண்டாம், கொட்டகை கட்டிக்கொடுங்கள் என்றார். அவர் யாரோடு இருப்பது என்பதே அந்தப் பேரத்தின் விலை என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியவர்களும் அவர்களேதான். அஸ்திவாரம் போடும்போது தானும் கூலியாட்களோடு சேர்ந்து மண்கூடை சுமந்ததாக அவரே எழுதியிருக்கிறார். கொட்டகைக்கு அவர் பெயரின் முதலெழுத்தை வைத்து ‘பி தியேட்டர்’ என்று பெயரிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பதிவு செய்துவிட்டு வந்தவர்களிடம் என்ன பெயர் என்று ஆசையாகக் கேட்டார். ‘ஸ்டார்’ என்றார்கள். இரண்டு நிமிடம் அவருக்குப் பேச்சே வரவில்லை. தாசியின் பெயரில் கொட்டகை இருந்தால் ஜனங்கள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்த ‘அவர்களில்’ கிரீஷும் உண்டு. இதை உங்கள் மேடையில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

1884 செப்டம்பர் 21 அன்று பரமஹம்சர் வண்டி ஏறிப் போனது இந்தக் கொட்டகைக்குத்தான். கிரீஷ் எழுதிய சைதன்யலீலை நாடகம், வங்காளத்து வைணவ மகான் சைதன்யராகப் பினோதினி. அந்த வேஷத்துக்காக அவர் விரதம் போல் இருந்தார். முதல் நாள் ஆட்டத்துக்கு முன் விடியலில் கங்கையில் குளித்து, துர்க்கை பெயரை 108 முறை எழுதினார். ஒரு முறை நடித்து முடித்து உள்ளே போனதும் மயங்கி விழுந்துவிட, செயின்ட் சேவியர் கல்லூரியின் ஃபாதர் லஃபோன் என்ற விஞ்ஞானப் பாதிரியார் பக்கத்தில் வந்து தடவிக்கொடுத்துத் தெளிய வைத்தாராம். வேஷம் கட்டுகிறவருக்கு உடம்பில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எது? நீங்கள் இதைச் சொன்னால் சபை வாயைத் திறந்தபடி கேட்கும்.

பரமஹம்சர் நாடகத்துக்குப் போவது பக்தர்களில் சிலருக்கு உறுத்தலாக இருந்தது. வேசிகள் நடிக்கிறார்கள், சைதன்யர் வேஷத்தையே அவர்கள்தான் கட்டுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர், நான் அவர்களை ஆனந்தமயி அன்னையாகவே பார்ப்பேன் என்றார். சைதன்யராக வந்தால்தான் என்ன, நெட்டியில் செய்த சீத்தாப்பழத்தைப் பார்த்தால் நிஜப் பழம் நினைவுக்கு வராதா என்றும் கேட்டார். பரமஹம்சரின் பேச்சுகளை நாட்குறிப்பாக எழுதிவந்த சீடர் மகேந்திரநாத் குப்தர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். தஞ்சாவூரில் நெட்டிக் கோயில் வாங்கி வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் நமக்கு இந்த உவமை உடனே புரியும். நாடகம் முடிந்து எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, அசலும் நகலும் ஒன்றாகவே கண்டேன் என்றார். ஒரு நடிகைக்கு இதற்கு மேல் விமர்சனம் யார் எழுதுவார்கள்? பாவியைக் கரையேற்றப் போனவர் பேசுகிற பேச்சா இது? நல்ல நாடகம் பார்த்த ரசிகர் பேசுவது.

ஆசீர்வாதம் பிறகுதான். ‘ஹரி குரு, குரு ஹரி’ என்று தம்மோடு சேர்ந்து சொல்லச் சொல்லிவிட்டு, தலையில் கைவைத்து, ‘அம்மா, உனக்குச் சைதன்யம் உண்டாகட்டும்’ என்றார். சைதன்யம் என்றால் ஆன்ம விழிப்பு. ‘அம்மா’ என்றார், கவனியுங்கள்.

ஆசி வாங்கிய பிறகும் பினோதினி மேடைக்குத்தான் வந்தார். இரண்டு வருஷத்துக்கும் மேல் நடித்தார். அதே 1884 டிசம்பர் 14 அன்று பரமஹம்சர் பிரகலாத சரித்திரம் பார்க்க வந்தபோது பிரகலாதன் அவர்தான். அன்றைக்கு அதன்பின் ஒரு கல்யாணக் கேலி நாடகமும் இருந்தது. பார்க்கிறீர்களா என்று கிரீஷ் கேட்டதும் பரமஹம்சர் வேண்டாம் என்றுவிட்டார். பிரகலாதனுக்குப் பிறகு அது எதற்கு என்று. அந்தக் கேலி நாடகத்தில் நவநாகரிகப் பெண்ணாக வந்து கொட்டகையைச் சிரிக்க வைத்தவரும் பினோதினிதான். ஒரே ராத்திரியில் சைதன்யராக அழ வைத்துவிட்டு அடுத்த நாடகத்தில் சீமாட்டியாக வருவதும் உண்டு. உங்கள் கதையில் இந்தப் பினோதினிக்கு இடமில்லை. ஆனால் ஆசி வாங்கிய பினோதினி இவர்தான். அந்த டிசம்பர் 14 அன்று நடிகைகள் வந்து காலில் விழுந்தபோது, போதும் அம்மா, போதும் என்று பதறியிருக்கிறார் பரமஹம்சர். அவர்கள் போன பிறகு, எல்லாம் அவனேதான், வெவ்வேறு ரூபத்தில் என்றார்.

அப்புறம் நீங்கள் சொல்லவே சொல்லாத ஒரு கட்டம். 1885 கடைசியில் பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயோடு சியாம்புகூர் வீட்டில் இருந்தார். பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு, வாசலில் சீடர்கள் காவல். ஒரு நடிகையை உள்ளே விடுவார்களா? காளிபத கோஷ் என்ற பக்தர் துணையோடு, பினோதினி கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரத் துரையாக உள்ளே போய்விட்டார். அத்தனை காவலும் அந்த வேஷத்தில் ஏமாந்தது. விஷயம் தெரிந்ததும் பரமஹம்சர் அந்த நோயிலும் விழுந்து விழுந்து சிரித்தார். பினோதினியின் துணிச்சலையும் பக்தியையும் புகழ்ந்தார், நாலு வார்த்தை உபதேசம் செய்தார். பினோதினி அழுதபடி காலில் தலைவைத்து வணங்கிவிட்டுப் போனார். பரமஹம்சரின் நேரடிச் சீடர் சாரதானந்தர் தம் நூலில் எழுதியிருப்பது இது. யாரோ கட்டிவிட்ட கதையில்லை. காவல் காத்தவர்களும் நல்லவர்கள்தான், குருவின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள். ஆனாலும் அவர் யாரைப் பார்க்கலாம் என்று அவர்கள் முடிவு செய்ததை ஒரு நடிகை தன் தொழிலை வைத்தே மீறினார் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1886 ஆகஸ்டில் பரமஹம்சர் காலமானார். அதிலிருந்து சில மாதங்களில், இருபத்தைந்து வயது ஆவதற்குள், பினோதினி மேடையை விட்டார். வைராக்கியம் என்று நீங்கள் சொல்லலாம். அவர் எழுதியதில் ஏமாற்றப்பட்ட வலிதான் திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு ஒரு கனவானின் ஆதரவில் பல வருஷம் வாழ்ந்தார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பார்த்தார், சேர்க்க விடவில்லை. சிறுமியாகவே அந்த மகள் இறந்துபோனாள். 1912இல் தன் கதையைப் புத்தகமாக்கினார். முன்னுரை எழுதித் தந்தவர் கிரீஷ். அதில் உண்மைகளை விட்டுவிட்டீர்களே என்று பினோதினி கேட்க, கசப்பான உண்மையை எப்போதும் சொல்லக்கூடாது என்று பதில் வந்தது. திருத்தி எழுதுவதற்குள் கிரீஷ் இறந்துவிட்டார். பினோதினி 1941 வரை இருந்தார்.

2024 டிசம்பரில் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி, ஸ்டார் தியேட்டரைப் பினோதினி தியேட்டர் என்று மாற்றப்போவதாக அறிவித்தார். சந்தோஷம். ஆனால் இன்று நிற்கும் கட்டடம் வேறு தெருவில், அவர் மேடையை விட்ட பிறகு 1888இல் திறந்தது. அவர் மண் சுமந்த கொட்டகை சாலை போடும்போது இடிபட்டுப் போயிற்று.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கிரீஷின் கதையை அப்படியே சொல்லுங்கள். நடுவில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, பெயர் சொல்லி, ‘அவர்’ போட்டுப் பினோதினியைச் சொல்லுங்கள். ‘அன்றோடு மேடையை விட்டாள்’ என்பதை எடுத்துவிடுங்கள். வங்காளம் தெரியாவிட்டால், அவர் புத்தகத்துக்கு ரிம்லி பட்டாச்சார்யாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1998இலிருந்து இருக்கிறது. துரை வேஷக் கட்டத்தைக் கட்டாயம் சேருங்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், பரமஹம்சரே சிரித்தார்.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் பின்வரிசையில் உட்காரும் ஒருவன்