மோட்டார் வீல் போனால் சைக்கிளே போச்சா? மின்சார சைக்கிள் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்சார சைக்கிள் செய்து விற்கும் கம்பெனிகளுக்கும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று கடை போட்டு அதை எங்கள் தலையில் கட்டும் டீலர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைத்து விற்கிறீர்கள். நல்லது. அந்தச் சக்கரத்தில் ஏதாவது கோளாறு என்று வந்தால் என்ன ஏது என்று திறந்துகூடப் பார்க்காமல் "முழு வீலையும் மாத்தணும் சார்" என்கிறீர்கள். சரி, மாற்றுங்கள் என்றால் ஸ்டாக் இல்லை. எப்போது வரும் என்றால் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறீர்கள். விலை கேட்டால் புது சைக்கிள் விலையில் மூன்றில் ஒரு பங்கு. மழைக்காலம் முடிந்ததும் இதே பதிலைக் கேட்டுவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனவர்களை எனக்கே தெரியும், நானும் அதில் ஒருவன்.

என் வீலில் முதலில் கரகரவென்று சத்தம், அப்புறம் கையால் சுற்றினாலே இறுக்கம். வாங்கிய இடத்தில் சொன்னது மேலே எழுதியதுதான். வாரண்டி உண்டே என்றேன். மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, அதனால் வாரண்டி கிடையாது என்றார்கள். திறக்காமலேயே தண்ணீர் புகுந்தது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. உங்கள் நோட்டீஸில் மழையில் நனைந்தபடி ஒரு பையன் சிரித்துக்கொண்டே ஓட்டுகிற படம் போட்டிருக்கிறீர்கள், அதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வடசேரி பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் பக்கவாட்டு மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, மரச்சுத்தியலால் ஓரமாகத் தட்டித் தட்டி மூடியை எடுத்தார். செங்காவி நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வடிந்தது. செம்புக் கம்பிச் சுருள் பளபளவென்று அப்படியே இருக்கிறது, காந்தங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூடியில் உட்கார்ந்திருந்த பேரிங் மட்டும் துருவேறி, உள்வளையம் அசையவே இல்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் நம்பர் தெரிந்தது: 6202. "வீலுக்கு ஒரு கேடும் இல்ல கேட்டியளா, பேரிங்குதான் போச்சு" என்றார். உள்துளை 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35, தடிமன் 11. பல வீடுகளில் சீலிங் ஃபேனுக்குள் சுற்றுவதும் இதே 6202தான். நாகர்கோவிலில் எந்த பேரிங் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குத்தான் முழு வீலையும் மாற்றச் சொன்னீர்கள்.

எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்துதான் இங்கே விற்கிறீர்களா? மணக்குடியிலிருந்து ராஜாக்கமங்கலம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் வரை கடலை ஒட்டியே ரோடு. உப்புக்காற்றில் வீட்டு ஜன்னல் கம்பியே நிற்பதில்லை. தென்மேற்குப் பருவமழையும் இங்கே உண்டு, வடகிழக்கும் உண்டு, ஆக வருஷத்தில் பாதி நாள் ரோட்டில் தண்ணீர். ஆக்சிலின் நடுவே ஒயர் வெளியே வருகிற ஓட்டை வழியாகத்தான் பெரும்பாலும் ஈரம் உள்ளே போகிறது. ஒயரை அந்த இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் ஒயர் வழியே ஓடி உள்ளே போகாமல் சொட்டிவிடும், இதைக்கூட டெலிவரி கொடுக்கும்போது செய்து தருவதில்லை. வடக்கே மலையோரம் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் போனால் வேறு கதை. ஏற்றத்தில் மெதுவாக இழுக்கும்போது மோட்டார் சூடேறும், உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரம் தேயும். அதுவும் தனியாகக் கிடைக்கிற உருப்படிதான், ஆனால் உங்களிடம் கிடைக்காது.

கோளாறு வீலில்தானா என்று பார்க்கவும் உங்கள் ஆட்களுக்கு நேரமில்லை. மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு வீலைப் பின்பக்கமாகக் கையால் சுற்ற வேண்டும். பிளக் மாட்டியிருக்கும்போது இழுத்துப் பிடித்து, கழற்றியதும் லேசாகச் சுற்றினால் கோளாறு மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் கண்ட்ரோலர் பெட்டியில், வீலில் இல்லை. கிளப்பும்போது வண்டி உதறுகிறது, நடுங்குகிறது, ஆனால் ஓடவில்லை என்றால் உள்ளே காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்லும் மூன்று ஹால் சென்சாரில் ஒன்று போயிருக்கலாம். பிளக்கை மாட்டி, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீலை மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றினால் மூன்று சிக்னல் ஒயரிலும் வோல்டேஜ் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்காதது எதுவோ அதுதான் நோயாளி. சாதாரண மல்டிமீட்டர் போதும். சென்சார் விலை சில பத்து ரூபாய்கள்தான், சால்டரிங் தெரிந்த எந்த டிவி மெக்கானிக்கும் மாற்றிவிடுவார்.

சரி, சில சமயம் வீல் உண்மையாகவே போய்விடும், ஒத்துக்கொள்கிறேன். தக்கலையில் என் மச்சானுக்கு அப்படித்தான் ஆனது. பள்ளத்தில் இறங்கி ஏறி, சக்கரக் கம்பி (ஸ்போக்) மாட்டும் துளையிலேயே ரிம் விரிசல் விட்டுவிட்டது. கோட்டம் எடுத்துச் சரிசெய்கிற நிலை தாண்டிவிட்டது. ரிம்மை மட்டும் தாருங்கள் என்று கேட்டான், தனியாகத் தரமாட்டோம் என்றீர்கள். மோட்டார் பருமனாக இருப்பதால் கம்பி குட்டையாகவும் தடிமனாகவும் வேண்டும், சாதாரண சைக்கிள் கடைக் கம்பி பொருந்தாது, உங்களிடமோ கம்பியும் இல்லை. கடைசியில் வெளியே ஒரு மோட்டார் வீல் வாங்கினான்.

அங்கேதான் அடுத்த கூத்து. பின் ஃபோர்க்கின் இடைவெளி 135 மில்லிமீட்டர் என்று அளந்து வாங்கினான், அது பொருந்தியது. டிஸ்க் பிரேக்குக்கு 6 போல்ட், 44 மில்லிமீட்டர் வட்டம், அதுவும் பொருந்தியது. ஆனால் பிளக் வேறு. ஒயர் நிறம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வரிசை வேறு. மூன்று பெரிய ஒயரையும் மூன்று சென்சார் ஒயரையும் 36 விதமாக மாற்றி மாற்றிச் சேர்க்கலாம், அதில் ஒரு சில சேர்க்கையில்தான் மோட்டார் சத்தமில்லாமல் முன்னால் ஓடும், மற்றதில் உறுமும், சூடேறும், இல்லை பின்னால் சுற்றும். இதை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தேட வேண்டியிருந்தது. உங்கள் கையேட்டில் அரைப்பக்கப் படம் போட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. இதிலும் ஒரு ஆபத்து உண்டு: ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் பல் வைத்த வாஷரைச் சரியாக மாட்டாமல் நட்டை முறுக்கினால், முதல் ஏற்றத்தில் ஆக்சிலே சுழன்று ஒயரை அறுத்துவிடும். அதைப் பற்றியும் கையேட்டில் ஒரு வரி கிடையாது, ஆனால் ஹெல்மெட் போடுங்கள் என்று நாலு இடத்தில் இருக்கிறது.

இந்த சைக்கிளை யார் வாங்குகிறார்கள் என்றும் யோசியுங்கள். 250 வாட்டுக்குள் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகம், அதனால் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லித்தானே விற்கிறீர்கள்? வாங்குகிறவர்கள் பிளஸ் டூ பிள்ளைகள், ரிட்டயர்டு வாத்தியார்கள், தையல் கடைக்குப் போய் வருகிற அக்காமார். மாதக்கணக்கில் வண்டி கிடந்தால் இவர்களுக்கு பஸ்ஸைத் தவிர வேறு வழி இல்லை, உள்ரோட்டில் அதுவும் நேரத்துக்கு வராது.

நான் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. பேரிங், ஹால் சென்சார், பல்சக்கரம், ரிம், கம்பி எல்லாவற்றையும் தனித்தனியாக, விலை போட்டு விற்கவேண்டும். நாகர்கோவிலில் ஒரே ஒரு கடையிலாவது ஸ்டாக் இருக்கட்டும், மார்த்தாண்டத்துக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தாளில் ஃபோர்க் இடைவெளி, ஆக்சில் அளவு, வோல்டேஜ், பிளக் வரிசை, ரிம் அளவு, மோட்டாரின் செம்புச் சுருள் எந்த வேகத்துக்குச் சுற்றப்பட்டது என்பதையும் எழுதித் தரவேண்டும். இந்தக் கடைசி விவரம் இல்லாமல், 20 இஞ்ச் வீலுக்குச் சுற்றிய மோட்டாரை 26 இஞ்சில் போட்டுக் கொடுத்தால் சமதளத்தில் பறக்கும், ஏற்றத்தில் முக்கும். அப்புறம், கடைக்காரர் மூடியைத் திறந்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யாதீர்கள். திறந்துபார்க்க நீங்களும் தயாரில்லை, அவரையும் விடமாட்டீர்கள் என்றால் என்னதான் செய்வது?

பழுதுபார்க்கும் உரிமை பற்றி மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022ல் குழு போட்டது, அதே வருஷம் டிசம்பரில் அதற்கென்று இணையதளமும் திறந்தது. மோட்டார் வாகனத் துறையும் அதில் உண்டு. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எனக்கு அது நாகர்கோவில். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. துருப்பிடித்த அந்த 6202, நீங்கள் கொடுத்த எஸ்டிமேட், மழையில் சிரிக்கிற பையன் படம் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

பதில் எழுதுகிறவர்கள் அந்த அளவுத் தாளோடு எழுதுங்கள். வடசேரி அண்ணாச்சியின் கடைச் சுவரில் ஒட்டுவதற்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ராஜாக்கமங்கலத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளன்