போகிவரை காத்திருக்க வேண்டாம், ஆயுத பூஜைக்குள் பரணை இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேண்டாத சாமானைக் கழிப்பது என்றாலே நம் வீடுகளில் போகிதான் கணக்கு. கடலூர், புதுச்சேரிக் கரையில் குடியிருப்பவர்களுக்கு அது ரொம்பப் பிந்திய நாள். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல், 2015-ல் அடைமழை, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் கரை புரண்டு வந்தது என்று எல்லாமே போகிக்கு முன்பு வந்தவை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது கட்டிலுக்கு அடியில் திணித்த சாமான்தான். ஆயுத பூஜைக்கு எப்படியும் வீட்டைத் துடைத்துக் கழுவுகிறோம். கழிக்க வேண்டியதை அதற்குள் கழித்துவிட்டால் ஐப்பசி மழைக்குத் தரை காலியாக இருக்கும்.

பலரும் பரணில்தான் கை வைக்கிறார்கள், அங்கேதான் வேலை கெடுகிறது. காலையில் ஏணி போட்டு மொத்தத்தையும் கூடத்தில் இறக்கினால் மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். பாதியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சாயங்காலம் மறுபடி மேலே ஏற்றிவிடுவோம். முதலில் கட்டிலுக்கு அடியில், அடுத்து சமையல் மேடைக்குக் கீழே, பிறகு பீரோ, கடைசியில் பரண். ஒரு நாளைக்கு ஒரே இடம், ஒன்றரை மணி நேரம் போதும். கழித்தது அன்றைக்கே வாசற்படி தாண்ட வேண்டும். "யாருக்காவது கொடுக்கலாம்" என்று திண்ணையில் வைத்த மூட்டை ஒரு வாரத்தில் உள்ளே வந்துவிடும்.

தரையில் அட்டைப்பெட்டியே வேண்டாம். கடல் காற்றின் ஈரத்தில் அட்டை நமத்துப்போகும், கரப்பான் அதில் முட்டையிடும், கரையான் அடியிலிருந்து ஏறும். பார்ட்டிகிள் போர்டில் செய்த டிவி ஸ்டாண்டு, கம்ப்யூட்டர் மேசை ஒருமுறை தண்ணீரில் நின்றுவிட்டால் தயங்காமல் கழித்துவிடுங்கள். மரத்தூளைப் பசையால் இறுக்கிய பலகை அது. உப்பியது உப்பியதுதான், திருகும் பிடிக்காது. தேக்கு நாற்காலி அப்படியில்லை. நிழலில் இரண்டு மூன்று வாரம் காற்றாட விட்டால் தேறிவிடும், சுள்ளென்ற வெயிலில் வைத்தால்தான் வெடிக்கும். இலவம்பஞ்சு மெத்தை கட்டி தட்டியிருந்தால் உறையைப் பிரித்து, பஞ்சைக் காயவைத்து அடித்துத் திரும்பத் தைக்கலாம். கருப்பாகப் பூசணம் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி பரண். கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டுப் பரணில் 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இரும்புக் கடையில் அதற்குக் கிடைக்கும் காசு பெரும்பாலும் பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்குத்தான். அதை உருவுவதற்காகக் கழுத்தைத் தட்டி உடைப்பார்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். மிச்சக் கண்ணாடியைக் காலி மனையில் கொட்டுவார்கள், அந்தக் கூம்புக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. ஆகவே டிவியைப் பிரிக்காமல் முழுதாகவே அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பவரிடம் கொடுங்கள். புது டிவி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்ளும் கடையிலும் தரலாம். 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பழைய பொருளின் பொறுப்பில் தயாரிப்பாளருக்கும் பங்குண்டு என்கின்றன அவை. உப்பிய செல்போன் பேட்டரியைக் குப்பைக் கூடையில் போடவே கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே விலைக் கழிவுக்குக் கொடுங்கள்.

எடைக்குப் போடும்முன் அரை மணி நேரம் உட்கார்ந்து பிரித்தால் நல்ல விலை கிடைக்கும். குக்கரில் கைப்பிடி, கேஸ்கட், வெயிட் மூன்றையும் கழற்றினால் அலுமினியம் தனியாக நிற்கும், கலப்பு என்று குறைக்க முடியாது. காந்தம் ஒட்டாத எவர்சில்வருக்குப் பொதுவாக விலை கூடுதல், அதைத் தனியாகக் கட்டுங்கள். செம்புக்காக ஒயரை எரிக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு. ஒயரை அப்படியே போட்டாலும் வாங்கிக்கொள்வார்கள். வெண்கலப் பானையையும் பித்தளை அண்டாவையும் அவசரத்தில் எடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மகளோ மருமகளோ கேட்கிறார்களா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

பழைய பேப்பர் கட்டில் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புத்தகம், மருத்துவ அறிக்கை எல்லாம் சேர்ந்து போய்விடுகின்றன. அவை பஜ்ஜிக் கடைப் பொட்டலமாகத் தெருவுக்கு வரும். கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள். புத்தகங்களையும் பழைய கைப்பைகளையும் ஒருமுறை உதறிப் பார்க்க வேண்டும், அடகுச் சீட்டு இருக்கும் இடம் அதுதான். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, பள்ளிச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது ஆகியவை தண்ணீர் புகாத உறையில் பீரோவின் மேல்தட்டுக்குப் போகட்டும்.

மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டுக் கழித்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. விரிசல் வாளி, டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு இவற்றில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு உள்சுவரில்தான் முட்டையை ஒட்டுகிறது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்து முதல் மழையில் பொரிக்கும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது பொருளே போக வேண்டும்.

துணி கொடுப்பதில் ஒரு வார்த்தை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை, கடலூர்க் கரைகளில் வந்து குவிந்த பழந்துணி கட்ட ஆளில்லாமல் சாலையோரம் கிடந்து மக்கியது. கிழிந்ததைக் கொடுத்தால் வாங்குபவர் தலையில் குப்பையைக் கட்டுகிறோம். துவைத்து, பட்டன் தைத்து, அளவை எழுதி ஒட்டிக் கொடுங்கள். கிழிந்த பருத்தி வேட்டியைக் கைத்துணியாக வெட்டிக்கொள்ளலாம், மெக்கானிக் கடையிலும் வாங்குவார்கள்.

கடலூர் மாநகராட்சிக்கும் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தினமும் தெருவுக்கு வரும் சின்ன வண்டியில் மெத்தையும் உடைந்த பீரோவும் ஏறாது. அதனால்தான் அவை வாய்க்காலுக்குப் போகின்றன, மழையில் அடைப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஆவணி, புரட்டாசியில் வார்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய லாரி அனுப்புங்கள். மெத்தை, மரச்சாமான், டியூப்லைட், மின்கழிவு நான்கையும் தனித்தனியாக ஏற்ற ஆள் வேண்டும். ஒரு வாரம் முன்பே ஆட்டோவில் மைக் கட்டி நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டால், கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி ரெயின்போ நகரிலும் சாமானை வாசலில் எடுத்து வைத்துக் காத்திருக்க ஆட்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுப்பாளையம், கடலூர்.