மதிப்பெண்ணோடு எல்லைக்கோட்டையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்களின் செயல்திறனை ஒப்பிடும் ஆய்வுகளைப் பற்றிய செய்திகளுடன் தங்கள் நாளிதழில் ஒரு பட்டை வரைபடமும் தவறாமல் இடம்பெறுகிறது. 100 விழுக்காடு பெற்றவை பச்சையிலும் எஞ்சியவை சிவப்பிலுமாக, முதலிடத்திலிருந்து கடைசி இடம் வரை பட்டைகள் படிப்படியாகக் குறுகிச் செல்கின்றன. பார்த்தவுடன் புரிந்துவிட்டதாக நினைக்க வைக்கும் இந்தப் படம் இவ்வகை ஆய்வுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், சுருக்கமாக டி.இ.ஏ., எனப்படும் இம்முறைக்கு, 1957-இல் பொருளியலாளர் ஃபாரல் முன்வைத்த கருத்தை அடியொற்றி, 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவரும் கணித வடிவம் தந்தனர். எல்லோரையும் ஒரே அளவுகோலால் எடைபோடாமல், எந்தெந்த எடைமதிப்புகள் (ஒவ்வொரு காரணிக்கும் தரும் முக்கியத்துவம்) ஒரு நிறுவனத்துக்கு மிகச் சாதகமோ அவற்றையே அதற்குக் கொடுத்து, அப்படியும் அது பிறரைவிட எவ்வளவு பின்தங்குகிறது என்று இம்முறை பார்க்கிறது. ஆகவே இதில் கிடைக்கும் எண் தேர்வு மதிப்பெண் போன்றதன்று. சிறப்பாகச் செயல்படுபவர்கள் சேர்ந்து அமைக்கும் எல்லைக்கோட்டை ஒருவர் எந்த அளவுக்கு எட்டியிருக்கிறார் என்பதையே அது சொல்கிறது.

கற்பனையாக ஆறு நூலகங்களை எடுத்துக்கொண்டு, ஊழியர் ஒருவர் நாளொன்றுக்கு இரவல் தரும் நூல்களையும் வாசகர்களின் கேள்விகளுக்கு அளிக்கும் விடைகளையும் மட்டும் கணக்கிடுவோம். முதல் நூலகத்தில் 80 நூல், 10 விடை. இரண்டாவதில் 50, 40. மூன்றாவதில் 20, 50. நான்காவதில் 40, 32. ஐந்தாவதில் 64, 8. ஆறாவதில் 80, 5. நான்காவதும் ஐந்தாவதும் சரியாக 80 விழுக்காடு பெறுவதால் பட்டை வரைபடத்தில் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். அதே எண்களை வரைபடத்தாளில் புள்ளிகளாகக் குறித்தால், நூல்-விடை விகிதம் ஒன்றாக இருப்பதால், நான்காவது நூலகம் இரண்டாவதன் வழியிலும், ஐந்தாவது முதலாவதன் வழியிலும் நின்றுகொண்டிருப்பது தெரியவரும். இரண்டுக்கும் ஒரே அறிவுரை உதவாது.

ஆறாவது நூலகத்தின் நிலை இன்னும் வேடிக்கையானது. முதலாவது நூலகம் அதே 80 நூல்களைத் தந்துகொண்டே இரண்டு மடங்கு விடைகளையும் அளிக்கிறது. ஆனாலும், விடைகளுக்குச் சுழியம் எடைமதிப்பு தரும் சலுகையால் ஆறாவதும் 100 விழுக்காடு பெற்றுப் பச்சையில் மின்னும். பச்சை நிறத்தால் மறைக்கப்படும் இந்தக் குறையை, எடைமதிப்புகளைக் காட்டும் ஒரு சிறு துணைப்படம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கிளைகளை ஒப்பிட்டு நான் அளித்த தரவரிசைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். கடைசி இடம் பெற்ற கிளையின் பொறுப்பாளர் கோபப்படவில்லை, “யாரைப் பார்த்து நான் கற்றுக்கொள்ள வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். அதற்கான விடை என் கணக்கீட்டிலேயே இருந்தது, நான் கொடுத்த பட்டியலில்தான் இல்லை.

காரணிகள் மூன்றைத் தாண்டினால் எல்லைக்கோட்டைத் தாளில் அப்படியே வரைய முடியாது என்பது உண்மைதான். ஆயினும், 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, ஜெர்மானிய வங்கி ஒன்றின் கிளைகளைச் சாமன் மேப்பிங் என்னும், புள்ளிகளுக்கு இடையிலான தொலைவுகளை இயன்றவரை காக்கும் முறையால் சமதளத்தில் புள்ளிகளாக இறக்கி, எந்தக் கிளைக்கு எது முன்மாதிரி என்பதையும் படத்திலேயே காட்டியது. இவ்வாறு இறக்கும்போது தொலைவுகள் ஓரளவு சிதையும் என்பதால் படத்தின் கீழ் அதையும் குறிப்பிட வேண்டியிருக்கும்.

அத்தகைய படத்துக்கு இடமில்லாத நாளில், எத்தனை நிறுவனங்களை எத்தனை காரணிகளைக் கொண்டு ஒப்பிட்டார்கள் என்ற ஒரு வரியையாவது படத்தின் கீழ் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிறுவனங்கள் குறைந்து காரணிகள் பெருகினால் ஏறத்தாழ எல்லோருமே 100 விழுக்காடு பெற்றுவிடுவார்கள். உள்ளீடுகளையும் (செலவிடுபவை) வெளியீடுகளையும் (விளைபவை) கூட்டி வரும் எண்ணிக்கையைப் போல் மூன்று மடங்கு நிறுவனங்களாவது வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் பொதுவிதி. ஆறு நூலகங்களில் நான்கு 100 விழுக்காடு பெறும் என் எடுத்துக்காட்டே அந்த விதிக்குத் தேறாது; ஊழியர் என்ற ஓர் உள்ளீடும், நூல், விடை என்ற இரு வெளியீடுகளும் கொண்ட அதற்கு ஒன்பது நூலகங்கள் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்