இரண்டாவது பெயரையும் கேளுங்கள்: குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குடியரசுக் கட்சி தேசியக் குழுவின் 168 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு பழமைவாதி. தமிழ்நாட்டில் பிறந்தவன். தென் கரோலினாவின் கிரீன்வில் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு 2018-ல் வர்ஜீனியாவுக்குக் குடிவந்தேன். இதை ஆங்கிலத்திலும் எழுதி உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இங்கே தமிழில் எழுதுவதற்குக் காரணம், நம் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற தமிழ்க் குடும்பங்களும் இதைப் படித்துவிட்டு உங்களிடம் கேட்க வேண்டும் என்பதுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில் ஒருவர் பெயரை மட்டும் குறிக்கச் சொல்லாமல், முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கடைசியில் இருப்பவர் எண்ணிக்கையிலிருந்து விலக விலக, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் கணக்கில் சேரட்டும். பாதிக்கு மேல் ஆதரவு பெற்றவர் ஜெயிக்கட்டும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். அமெரிக்கக் குடிமகனாக நான் போட்ட முதல் ஓட்டு 2012 ஜனவரி 21 அன்று, தென் கரோலினாவில், நம் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில். ராம்னி, கிங்ரிச், சான்டோரம், ரான் பால் என நான்கு பேர் களத்தில். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 19, எப்பேர்ப்பட்ட நாள்! எங்களுக்கு முன்பே ஓட்டுப் போட்டிருந்த அயோவா மாநிலத்திலிருந்து காலையில் திருத்திய முடிவு வந்தது: ராம்னி 8 ஓட்டில் முந்தியதாக இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் பார்த்தால் சான்டோரம்தான் 34 ஓட்டு முன்னிலை, அதிலும் எட்டு வாக்கிடங்களின் கணக்கு கிடைக்கவே இல்லை. அதே நாளில் டெக்சஸ் ஆளுநர் பெர்ரி போட்டியிலிருந்து விலகி கிங்ரிச்சை ஆதரித்தார். அன்று இரவு சார்ல்ஸ்டன் விவாதத்தில், முதல் கேள்வியையே கிங்ரிச் நெறியாளர் மேல் திருப்பி அடிக்க, அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

எனக்குப் பிடித்தவர் சான்டோரம். காரணம் எளிது. உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கு நிறுவன வரியே வேண்டாம் என்று சொன்னவர் அவர், நான் உற்பத்தித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், அந்த வரி எங்கள் ஊரில் எத்தனை பேர் சோற்றைத் தொடும் என்று எனக்குத் தெரியும். எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் இருந்தார். 1994-ல் நாற்பது வருடத்துக்குப் பிறகு கீழவையை மீட்டுக் கொடுத்தவர் என்று ஒருவர் கிங்ரிச்சைப் பிடித்துக்கொண்டார். படைகளைத் திரும்பக் கூப்பிட வேண்டும், மத்திய வங்கியைக் கேள்வி கேட்க வேண்டும் என்று இன்னொருவர் ரான் பால் பக்கம். மாசசூசெட்ஸில் 2006-ல் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய ராம்னி, ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை எப்படி எதிர்க்கப்போகிறார் என்று எல்லோருமே கேட்டோம். இதையெல்லாம் வைத்து விடிய விடியப் பேசியிருக்கலாம், பேச வேண்டியதும் அதுதான்.

ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை. சனிக்கிழமை நெருங்க நெருங்க, யார் சொல்வது சரி என்பதை எல்லோரும் மறந்தோம், யார் ஓட்டைப் பிரிக்கிறார் என்பது ஒன்றே பேச்சாகிவிட்டது. நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒரு மூத்த நண்பர், "தம்பி, சான்டோரத்துக்குப் போட்டா அது ராம்னிக்குப் போட்ட மாதிரிதான்" என்றார். மனம் கேட்காமல்தான் போனேன், போய் கிங்ரிச்சுக்குப் போட்டேன். கிங்ரிச் 40 சதவீதம், ராம்னி 28, சான்டோரம் 17. இரண்டு நாள் முன்புதான் அயோவாவில் முதலிடம் என்று தெரியவந்த மனிதரை, ஜெயிக்க முடியாதவர் என்று சொல்லி நானே கைவிட்டேன். பிப்ரவரி 7 அன்று அதே சான்டோரம் கொலராடோ, மினசோட்டா, மிசௌரி மூன்றிலும் முதலாவதாக வந்தபோது எனக்கு ஏற்பட்ட உறுத்தல் இன்றும் இருக்கிறது. அந்தத் தேர்தலில் என் உண்மையான விருப்பம் எந்தக் கணக்கிலும் பதிவாகவில்லை.

அடுத்து 2016. அந்த வருடம் பிப்ரவரி 13 அன்று விவாதம் எங்கள் கிரீன்வில்லிலேயே நடந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்த செய்தி வந்த அதே நாள். மேடையில் ஆறு பேர். ட்ரம்பும் ஜெப் புஷ்ஷும் ஈராக் போரை வைத்து மோதியதைத்தான் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு மறக்காதது க்ரூஸும் ரூபியோவும் மோதியதுதான். இருவரும் கியூபாக் குடும்பத்துப் பிள்ளைகள், இருவரும் முதல் முறை செனட்டர்கள், பெரும்பாலான சட்டங்களில் ஒரே பக்கம் நின்றவர்கள். அந்த இருவர் குடியேற்றத்தைப் பற்றிய வாக்குவாதத்தில் தொடங்கி, யாருக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பது வரை போனார்கள். ஏன்? ஒரே ஒரு பெயரைத்தான் குறிக்கலாம் என்ற விதியில், கருத்தில் உனக்கு மிக நெருக்கமானவன்தான் உன் முதல் எதிரி. அவனுடைய ஆட்கள்தான் உன் பக்கம் வரக்கூடியவர்கள், ஆகவே அவனை முதலில் வீழ்த்த வேண்டும். தூரத்தில் இருப்பவரிடம் மோதி உனக்கு ஓட்டு வராது.

ஒரு வாரம் கழித்து முடிவு. ட்ரம்ப் 32.5 சதவீதம், ரூபியோ 22.5, க்ரூஸ் 22.3. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவே ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுதான் வித்தியாசம். எங்கள் வீட்டில் நான் க்ரூஸ், என் மனைவி ரூபியோ, அந்த வாரம் முழுக்க வீட்டிலும் இதே சண்டைதான். கட்சியின் தேசிய மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் அனுப்பும் 50 பிரதிநிதிகளும் ட்ரம்புக்கே போனார்கள். மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கு முழுப் பங்கு.

இது ட்ரம்பைப் பற்றிய மனக்குறை இல்லை. வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தால், மேடையில் இருந்த இன்னொரு வேட்பாளரான கார்சனுக்குப் போட்டவர்களில் பலர் அவரையே இரண்டாவதாக எழுதியிருக்கலாம், அவரே ஜெயித்திருக்கவும் கூடும். அப்படி ஜெயித்திருந்தால் "பிளவில் ஜெயித்தவர்" என்ற பேச்சு அன்றோடு முடிந்திருக்கும், அவருக்கும் அது நல்லதுதான். அதோடு இது 2016-ல் தொடங்கியதும் அல்ல. 2008-ல் மிசௌரியைப் பாருங்கள்: மெக்கெய்ன் 33, ஹக்கபி 32, ராம்னி 29, ஆனால் 58 பிரதிநிதிகளும் மெக்கெய்னுக்கு.

இப்போது எனக்குப் புரியாத விஷயத்துக்கு வருகிறேன். இதே தென் கரோலினாவில் ஆளுநர் பதவிக்கு நம் கட்சி வேட்பாளராக வேண்டுமானால் பாதிக்கு மேல் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் முதல் இருவருக்கு மறுசுற்று. 2010-ல் நிக்கி ஹேலி முதல் சுற்றில் 49 சதவீதம் வாங்கியும், அது போதாது என்று மறுசுற்றுக்குப் போய்த்தான் வேட்பாளரானார். டெக்சஸிலும் அப்படித்தான். 2012-ல் செனட் பதவிக்கான முதல் சுற்றில் டியூஹர்ஸ்ட் 45, டெட் க்ரூஸ் 34. முதலில் வந்தவரே வேட்பாளர் என்ற விதி அங்கே இருந்திருந்தால் க்ரூஸ் என்ற பெயர் நமக்குத் தெரிந்தே இருக்காது. ஜூலை மறுசுற்றில் அவர் 57 சதவீதத்தோடு ஜெயித்தார். ஒரு ஆளுநருக்கு, ஒரு செனட்டருக்குப் பெரும்பான்மை வேண்டும் என்கிற நம் கட்சி, நாட்டின் அதிபர் வேட்பாளருக்கு மட்டும் அதைக் கேட்காமல் விடுவது ஏன்?

மறுசுற்று நடத்த அதிபர் தேர்தல் அட்டவணையில் இடம் இல்லை என்பீர்கள், சரி, உண்மைதான். அதனால்தான் வரிசைப்படுத்தல் என்கிறேன். மறுசுற்றை ஒரே சீட்டில் முடித்துவிடுகிற வழி அது. தெற்கு மாநிலங்களுக்கு இது புதிதும் இல்லை. வெளிநாட்டில் பணியாற்றும் நம் ராணுவத்தினர் மறுசுற்றுக்காக இரண்டாவது சீட்டு அனுப்ப நேரம் இருக்காது என்பதால், தென் கரோலினா, அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி, லூசியானா, ஆர்கன்சா மாநிலங்கள் அவர்களுக்கு வரிசைப்படுத்தும் சீட்டையே அனுப்புகின்றன. ஒரு சிப்பாய்க்குப் புரிகிற சீட்டு அவர் வீட்டில் இருக்கும் தாய் தகப்பனுக்குப் புரியாதா?

இதை நானே செய்தும் பார்த்துவிட்டேன். 2021 மே 8, சனிக்கிழமை. வர்ஜீனியாவில் நம் கட்சி ஆளுநர் வேட்பாளரை மாநாட்டு முறையில் தேர்ந்தெடுத்தது. கொரோனா காலம் என்பதால் மாநிலம் முழுக்க 39 இடங்களில் வாக்குப்பதிவு நடந்தது. ஏழு வேட்பாளர்கள், யங்கினும் ஸ்னைடரும் அவர்களில் இருவர். நானும் ஒரு பிரதிநிதியாகப் பெயர் பதிந்துகொண்டு போய் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறித்தேன். அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் வட்டாரத்தில் நடந்த பேச்சைப் போல் அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்கவில்லை. ஸ்னைடர் ஆதரவாளர் ஒருவர் என் வீட்டு வாசலில் நின்று, "உங்களுக்கு யங்கின்தான் பிடிக்கும் என்றால் அவரையே முதலில் போடுங்கள், எங்களை இரண்டாவதாகப் போடுங்கள், அது போதும்" என்றார். அப்புறம் அரை மணி நேரம் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் வரியைப் பற்றியும் பேசினோம். யார் ஓட்டைப் பிரிக்கிறார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கு என் இரண்டாவது விருப்பம் வேண்டியிருந்தது, அதனால் என் முதல் விருப்பத்தை அவர் திட்ட முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

சீட்டுகளை ரிச்மண்டில் கையால் எண்ணினார்கள், திங்கள் இரவுக்குள் ஆறாவது சுற்றில் யங்கின் பெரும்பான்மையைத் தாண்டிவிட்டார். ஸ்னைடர் தோல்வியை ஏற்று அவருக்கு ஆதரவு சொன்னார். நவம்பரில் ஆளுநர், துணை ஆளுநர், அரசு தலைமை வழக்கறிஞர் மூன்று பதவிகளையும் ஜெயித்தோம். அதற்கு முன் 2009-க்குப் பிறகு மாநில அளவில் ஒரு தேர்தலைக்கூட ஜெயிக்காத கட்சி நாங்கள். ஜெயித்ததற்கு இந்த எண்ணும் முறை ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மே மாதச் சண்டையின் கசப்பு நவம்பர் வரை ஒட்டிக்கொண்டு வரவில்லை என்பதை வீடு வீடாகக் கதவைத் தட்டியவனாகச் சொல்கிறேன்.

இப்படியிருக்க, 2023 ஜனவரியில் நீங்கள் நாடு முழுவதும் இந்த முறையை எதிர்ப்பதாகத் தீர்மானம் போட்டீர்கள். அதன் பின்னால் அலாஸ்கா இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 2022-ல் அங்கே கீழவை இடத்துக்கு வரிசைப்படுத்தும் முறையில் நடந்த இடைத்தேர்தலில் பேலின், பெகிச் என்று நம் ஆட்கள் இருவர் சேர்ந்து கிட்டத்தட்ட 60 சதவீதம் வாங்கியும், ஜனநாயகக் கட்சியின் பெல்டோலா ஜெயித்துவிட்டார். பெகிச்சுக்குப் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் பேலினை இரண்டாவதாக எழுதினார்கள், ஐந்தில் ஒருவர் யாரையுமே எழுதவில்லை. எனக்கும் அது வலித்தது. ஆனால் அது பொதுத் தேர்தல், இரு கட்சிகளும் ஒரே சீட்டில் இருந்த தேர்தல். உட்கட்சித் தேர்தலில் யார் ஜெயித்தாலும் நம் ஆள்தான். அலாஸ்காவை வைத்துப் பொதுத் தேர்தலில் இந்த முறை வேண்டாம் என்று வாதிடுங்கள், அதில் நியாயம் இருக்கலாம். வர்ஜீனியாவில் நம் கட்சியே நடத்தி நல்ல பலன் கண்ட ஒன்றை அதே தீர்மானத்தில் சேர்த்துக் கட்டியதுதான் தவறு.

2024-ல் இதனால் முடிவு மாறியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அயோவாவில் முதல் எண்ணிக்கையிலேயே ட்ரம்ப் 51 சதவீதம். ஆனாலும் அந்த வருடமும் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் தமிழ்க் குடும்பங்களில், போட்டியில் இருந்த விவேக் ராமசாமியைப் பற்றிப் பெரிய பேச்சு. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்ற பாசம் ஒரு பக்கம், நம் ஊர்க்காரர் என்பதற்காக ஓட்டுப் போடக் கூடாது என்ற கண்டிப்பு மறுபக்கம். அவரும் ஹேலியும் மேடையில் மோதியபோது வீடுகளும் இரண்டாகப் பிரிந்தன. இன்னொரு வேட்பாளரான டிசாண்டிஸின் ஆட்கள் தனி. வர்ஜீனியாவில் முன்கூட்டிய வாக்குப்பதிவு ஜனவரி 19 அன்று தொடங்கியது. முதல் நாளே போய் டிசாண்டிஸுக்குப் போட்டுவிட்டு வந்த ஒரு நண்பரின் ஓட்டு, 21 அன்று டிசாண்டிஸ் விலகியதும் ஒன்றுமில்லாமல் போனது. வாக்குச்சீட்டில் பெயர் அப்படியே இருந்தது, ஆள்தான் களத்தில் இல்லை. ஆர்வமாக முதல் நாளே வந்த வாக்காளருக்கு நாம் கொடுத்த மரியாதை அது. இரண்டாவது பெயர் எழுத ஓர் இடம் இருந்திருந்தால் அந்த ஓட்டு உயிரோடு இருந்திருக்கும்.

2028-ல் களம் மறுபடி திறந்து கிடக்கும். பதவியில் இருக்கும் அதிபர் போட்டியில் இல்லாததால் மேடை நிறைய ஆட்கள் வருவார்கள், 2016-ல் 17 பேர் வந்தது போல. அவர்கள் ஒருவரோடு ஒருவர் கடுமையாக வாதிட வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். சுங்க வரி வேண்டுமா, உக்ரைனுக்கு எவ்வளவு உதவி, கடன் சுமையை எப்படிக் குறைப்பது என்று எல்லாவற்றிலும் இன்று பழமைவாதிகளுக்குள்ளேயே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாடுகள் வெளியே வரட்டும்.

ஆகவே, 2023 தீர்மானத்திலிருந்து உட்கட்சித் தேர்தலை விலக்கி ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். ஒரு மாநிலக் கட்சி தன் அதிபர் வேட்பாளர் தேர்தலில் விருப்ப வரிசையைப் பயன்படுத்த விரும்பினால் அதற்கு உங்கள் விதிகளில் தடை இல்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒரு மாநிலத்தின் எல்லாப் பிரதிநிதிகளையும் ஒருவருக்கே கொடுப்பதானால், அவர் பாதியைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எல்லா மாநிலங்களுக்கும் வையுங்கள். பல மாநிலங்களில் ஏற்கெனவே இருக்கும் நிபந்தனைதான் அது. முதலில் வர்ஜீனியாவிலும் தென் கரோலினாவிலும் செய்து பாருங்கள். எண்ணுவதற்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், 2021-ல் வந்த எங்கள் வட்டாரத்துக்காரர்கள் மறுபடியும் வருவார்கள், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
வர்ஜீனியாவிலிருந்து உங்கள் கட்சியின் வாக்காளர் ஒருவன்