இன்னமும் எக்ஸ்புளோரர் கேட்கும் தளங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் பிரவுசர்களை ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தேன். எது வேகமானது, எது நினைவகத்தைக் குறைவாக எடுத்துக்கொள்கிறது என்பதோடு முடித்துவிட்டார்கள். மன்னார்குடி பஸ் நிலையத்துக்கு அருகே கணினி மையம் நடத்தும் எனக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. சம்பா பருவத்தில், பயிர் விவரச் சான்றான அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்குப் பக்கம் இரண்டு நொடி தாமதமாகத் திறந்தால் குடி முழுகிவிடாது. திறந்த பக்கம் வேலை செய்யாவிட்டால்தான் அன்றைய பிழைப்பு போகிறது.

ஒரு விண்ணப்பத் தளம், பெயர் வேண்டாம். 'இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பார்ப்பது நன்று' என்று அதன் அடியில் இன்றைக்கும் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தப் பிரவுசரை மைக்ரோசாஃப்டே 2022 ஜூனில் ஏறக்கட்டிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ தளத்தைத் திறந்தால் வட்டம், கிராமம் எல்லாம் ஒழுங்காக வரும். சர்வே எண்ணைத் தட்டிவிட்டு உட்பிரிவுக்குப் போனால் பெட்டி காலியாக இருக்கும். பிழை என்று ஒரு வார்த்தைகூட வராது. மைக்ரோசாஃப்டின் புதிய பிரவுசரான எட்ஜில், பழைய எக்ஸ்புளோரர் போலவே இயங்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதை இயக்கித் தளத்தின் முகவரியைச் சேர்த்தால் பெட்டி நிரம்பும். 30 நாள் கழிந்ததும் முகவரி பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடும். மறுபடி சேர்க்க வேண்டும். கைபேசியில் அந்த வழியும் இல்லை. எனவே வடுவூரிலிருந்தும் கோட்டூரிலிருந்தும் பெரியவர்கள் பஸ் ஏறி என்னிடம் வருகிறார்கள். வீட்டுத் திண்ணையில் பேரனே முடித்துக் கொடுத்திருக்கக்கூடிய வேலை அது. இதில் எனக்கு வருமானம் உண்டு, மறுக்கவில்லை, போனால் போகட்டும்.

தளங்கள் எந்தப் பிரவுசரிலும் இயங்குவதற்கான பொது விதிகளை, அதாவது வலைத் தரங்களை வகுக்க, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994-இலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2001-இல் எக்ஸ்புளோரர் 6 வந்து வீட்டுக்கு வீடு நிறைந்த பிறகு, தளம் கட்டுபவர்கள் தரத்தை விட்டுவிட்டு அந்த ஒரு பிரவுசரின் போக்குக்கே எழுதினார்கள். தமிழ் வாசகர்கள் அதன் பலனை நேரிலேயே அனுபவித்தோம். செய்தித் தளங்கள் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்தன. எக்ஸ்புளோரர் மட்டும் அதைத் தானே இறக்கிக் காட்டும், மற்றதில் திறந்தால் கிறுக்கல்தான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவிய பிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றது.

இப்போது குரோமுக்கு அதே இடம். 2020 முதல் எட்ஜுக்கும் உள்ளே இருப்பது குரோமின் இன்ஜின்தான், அதாவது பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உள்பகுதி. ஓபரா, பிரேவ் எல்லாம் அப்படியே. டெல்டா முழுக்க ஒரே நெல் ரகத்தை நட்டு, அதை ஒரு நோய் தாக்கினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தனி இன்ஜினோடு, தரத்தையும் மதித்து நிற்கும் ஃபயர்ஃபாக்ஸை என் மையத்தில் முதல் பிரவுசராக வைத்திருப்பது அதனால்தான். மூலையில் இருக்கும் விண்டோஸ் 7 கணினிக்கும் அதுவே கைகொடுத்தது. குரோம் 109-ஆம் பதிப்போடு அந்த விண்டோஸைக் கைவிட்டபோது, பாதுகாப்புத் திருத்தங்கள் நீண்ட காலம் கிடைக்கும் ஃபயர்ஃபாக்ஸ் 115-இன் நீட்டிப்புப் பதிப்பு வந்தது.

ஆனால் பிரவுசரை மாற்றச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது தளம் கட்டியவர்களைத் தப்பவிடுவதாகும். பல பிரவுசர்களில் சோதித்துப் பார்த்துத்தான் வெளியிட வேண்டும் என்பது மத்திய அரசின் வலைத்தள வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. அந்த நெறிகள் முதலில் வந்தது 2009-இல். டெண்டரில் அதை நிபந்தனையாக்கி, சோதித்துக் காட்டிய பிறகே பணம் கொடுத்தால் போதும்.

அடுத்த கட்டுரைக்குத் தங்கள் நிருபர் பிரவுசர்களை ஓடவிட்டு நேரம் பார்க்க வேண்டாம். மக்கள் அன்றாடம் நிரப்பும் விண்ணப்பங்களை ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஐபோனின் சஃபாரி மூன்றிலும் கடைசிப் பொத்தான் வரை நிரப்பிப் பார்க்கட்டும். தடுக்கி விழும் தளங்களைப் பெயர் போட்டே வெளியிடுங்கள். நான் அந்தத் தளத்தில் தினமும் வேலை பார்த்தாக வேண்டியவள், அதனால் தயங்குகிறேன். தங்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகி,
மன்னார்குடி.